சின்ன மூலக்கூறுக்குக் கதவு எதற்கு? நுண்ணுயிரிகள் எளிய கார்பன் சேர்மங்களைக் கடத்தும் விதம்

கேள்வி இதுதான்: கார்பன் டையாக்சைடை மின்சாரத்தின் துணையால் ஃபார்மேட், அசிட்டேட், மெத்தனால் போன்ற எளிய சேர்மங்களாக மாற்றி, அவற்றைச் சர்க்கரைக்குப் பதிலாக நுண்ணுயிரிகளுக்கு உணவாகக் கொடுத்து, புரதமும் எரிபொருளும் பிளாஸ்டிக்கும் எடுக்கலாம் என்கிறார்கள். இவை ஒன்றிரண்டு கார்பன் அணுக்களே கொண்ட மிகச் சிறிய மூலக்கூறுகள். அப்படியிருக்க, அவை தாமாகவே செல்லுக்குள் போய்விடாதா? அவற்றைக் கடத்தும் புரதங்களைப் பற்றி ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மெத்தனாலைப் பொறுத்தவரை அது முழு நியாயம். ஃபார்மேட்டைப் பொறுத்தவரை விடை செறிவையும் அமிலத்தன்மையையும் பொறுத்தது. கார்பன் டையாக்சைடு நீரில் கரைந்து உண்டாகும் பைகார்பனேட் அயனியைப் பொறுத்தவரை அது தவறு. வாயுக்களின் கதை வேறு, அங்கே தடை செல் சவ்விலேயே இல்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே விடை சொல்ல முடியாது, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

செல் சவ்வின் நடுப்பகுதி கொழுப்புச் சங்கிலிகளால் ஆனது. கொழுப்பில் எளிதாகக் கரையும் பொருள் செல்லுக்குள் எளிதாக நுழைகிறது என்பதை எர்னஸ்ட் ஓவர்டன் 1890களிலேயே கவனித்திருந்தார். அந்த நடுப்பகுதி மூலக்கூறின் அளவைக் காட்டிலும் மின்சுமைக்கே அதிகமாக முகம் சுளிக்கிறது. மின்சுமை இல்லாத சிறு மூலக்கூறு வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரே ஓர் எதிர்மின்சுமை ஏறினாலும், அதே மூலக்கூறு பல ஆயிரம் மடங்கு மெதுவாகத்தான் கடக்கும். ஃபார்மிக் அமிலம் நீரில் இரண்டு உருவங்களில் இருக்கிறது: புரோட்டானோடு சேர்ந்த, மின்சுமையற்ற அமிலம் ஒன்று, புரோட்டானை இழந்து எதிர்மின்சுமை ஏறிய ஃபார்மேட் அயனி மற்றொன்று. இரண்டும் சரிபாதியாக இருக்கும் பிஎச் (அமிலத்தன்மையின் அளவீடு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 3.75. அசிட்டிக் அமிலத்துக்கு அது 4.76.

இந்த இரண்டு எண்களிலிருந்தே பெரும்பாலான செய்தி வந்துவிடுகிறது. பிஎச் 7 உள்ள வளர்ப்புக் கரைசலில் ஃபார்மேட்டைக் கரைத்தால், அதில் 0.056 சதவீதம் மட்டுமே மின்சுமையற்ற அமிலமாக இருக்கும். மீதி அத்தனையும் அயனி. அதாவது 100 மில்லிமோலார் ஃபார்மேட் ஊற்றினால், சவ்வைத் தானாகக் கடக்கக்கூடியது 56 மைக்ரோமோலார்தான் (இவை செறிவின் அலகுகள், ஒரு மில்லிமோலார் ஆயிரம் மைக்ரோமோலார்). பிஎச்சை 5க்கு இறக்கினால் அந்தப் பங்கு 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். அசிட்டிக் அமிலத்தில் பிஎச் 7லேயே 0.57 சதவீதம் மின்சுமையற்றதாக இருக்கிறது, ஃபார்மிக் அமிலத்தைவிடப் பத்து மடங்கு. இரண்டையும் ஒரே வகையாகக் கருதிப் பேசுபவர்கள் இந்தப் பத்து மடங்கை மறந்துவிடுகிறார்கள்.

இந்தச் சொற்பப் பங்கு போதுமா போதாதா என்பதற்கு ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபார்மேட்டில் வளரும் பாக்டீரியாக்கள் ஒரு மோல் ஃபார்மேட்டிலிருந்து 2 முதல் 3 கிராம் வரை உலர் எடையே திரட்டுகின்றன. ஃபார்மேட்டில் ஆற்றல் குறைவு, அதில் பெரும்பகுதி கார்பன் டையாக்சைடாக எரிந்து போகிறது. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு செல்லை எடுத்துக்கொண்டால், அதற்கு நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் ஃபார்மேட் மூலக்கூறுகள் தேவைப்படுகின்றன. இப்போது வரவைப் பாருங்கள். மின்சுமையற்ற ஃபார்மிக் அமிலம் கொழுப்புச் சவ்வை நொடிக்குச் சுமார் 50 மைக்ரோமீட்டர் என்ற ஊடுருவு வீதத்தில் கடக்கிறது என்றும், செல்லின் பரப்பு 5 சதுர மைக்ரோமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், வெளியே 100 மில்லிமோலார் ஃபார்மேட் இருக்கும்போது நொடிக்கு 80 லட்சம் மூலக்கூறுகள் தாமாகவே உள்ளே வரும். தேவையைப் போல நான்கு மடங்கு. வெளியே 10 மில்லிமோலார் மட்டும் இருந்தால் 8 லட்சம்தான் வரும். பாதித் தேவைகூட நிறைவேறாது. உண்மையான சவ்வில் புரதங்கள் நெருக்கிக்கொண்டு நிற்பதால் வரவு இதைவிடக் குறையவே வாய்ப்பு. எண்கள் தோராயமானவை என்றாலும் அவை காட்டும் திசை தெளிவானது: செறிவு அதிகமாக இருக்கும் வரை கதவு, அதாவது கடத்துப் புரதம், தேவையில்லை, செறிவு குறையும்போது கதவில்லாமல் முடியாது.

அப்படியானால் எப்போதும் 100 மில்லிமோலாரிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதற்கு இரண்டு தடைகள் உண்டு. முதலாவது நஞ்சு. மின்சுமையற்ற அமிலம் உள்ளே நுழைந்ததும், செல்லின் உட்புறம் பிஎச் 7.5 அளவில் இருப்பதால், தன் புரோட்டானை உதறிவிட்டு அயனியாகிவிடும். அயனியால் திரும்பி வெளியேற முடியாது. வெளியே பிஎச் 7 என்றால் இந்தப் பொறி உள்ளே மூன்று மடங்கு செறிவைத்தான் சேர்க்கும். வெளியே பிஎச் 5 என்றால், செல் தன் உட்புற பிஎச்சைக் கட்டிக்காக்க முடிகிற வரையில், சமநிலையில் 300 மடங்கு வரை சேர்த்துவிடும். கூடவே வந்த புரோட்டான்கள் உட்புறத்தை அமிலமாக்க, அவற்றை வெளியே தள்ளுவதிலேயே செல்லின் ஆற்றல் தீர்ந்துபோகும். எறும்பு கடித்தால் எரிவதற்கும் ஊறுகாய் கெடாமல் இருப்பதற்கும் பின்னால் இருப்பது ஏறக்குறைய இதே வேதியியல்தான். இரண்டாவது தடை பணம் சார்ந்தது. தொடர் முறையில் ஓடும் கலனிலிருந்து வெளியேறும் கரைசலில் 100 மில்லிமோலார் ஃபார்மேட் மிஞ்சியிருந்தால், மின்சாரம் செலவழித்துச் செய்த மூலப்பொருளைக் கழிவுநீரில் விடுகிறோம் என்று பொருள். தொழிற்கூடம் விரும்புவது கலனில் மூலப்பொருள் கிட்டத்தட்ட இல்லாத நிலையை, அதாவது வந்தது வந்தபடி உண்ணப்படும் நிலையை. சவ்வின் கதவு முக்கியமாவது சரியாக அந்த நிலையில்தான்.

ஃபார்மேட்டுக்கான கதவுகளில் நன்றாக ஆராயப்பட்டது எஸ்கெரிச்சியா கோலை என்ற பாக்டீரியாவின் ஃபோக்-ஏ என்ற புரதம். ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோஸை நொதிக்கும்போது, ஈ. கோலை அதிலிருந்து வரும் பைருவேட் என்ற இடைப்பொருளை உடைத்து ஃபார்மேட்டை உண்டாக்குகிறது. அதைச் செய்யும் நொதியின் மரபணுவும் ஃபோக்-ஏயின் மரபணுவும் ஒரே தொடரில் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. நொதியும் கதவும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன என்பதை ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் கேரி சாயர்ஸ் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். முதலில் ஃபார்மேட் வெளியே தள்ளப்படுகிறது. நொதித்தல் முற்றி, வெளியே அமிலம் கூடி, பிஎச் இறங்கியதும் அதே கதவு வழியாக ஃபார்மேட் திரும்ப உள்ளே எடுக்கப்பட்டு, ஹைட்ரஜனாகவும் கார்பன் டையாக்சைடாகவும் உடைக்கப்படுகிறது. கேடு விளைவிக்கும் அமிலத்தை வாயுவாக்கி அனுப்பிவிடும் ஏற்பாடு இது.

இந்தக் கதவின் முப்பரிமாண அமைப்பு 2009ல் வெளியானபோது ஒரு வியப்பு காத்திருந்தது. அமினோ அமில வரிசையில் எந்த ஒற்றுமையும் இல்லாவிட்டாலும், அதன் மடிப்பு நீரைக் கடத்தும் அக்வாபோரின் புரதங்களின் மடிப்பை அப்படியே ஒத்திருந்தது. அக்வாபோரின்கள் நான்கு நான்காகச் சேர்கின்றன, ஃபோக்-ஏ ஐந்து ஐந்தாகச் சேர்கிறது. ஐந்து அலகுகளில் ஒவ்வொன்றுக்கும் நடுவே தனித்தனித் துளை உண்டு. துளையின் பெரும்பகுதி நீரை வெறுக்கும் பக்கச்சங்கிலிகளால் சூழப்பட்டது. அதன் நடுவே ஒரு ஹிஸ்டிடின் மட்டும் நிற்கிறது. வரிசையில் 209ஆவது இடத்தில் இருக்கும் அந்த ஹிஸ்டிடினை வேறு அமினோ அமிலமாக மாற்றினால், வெளியேற்றம் தொடர்ந்து நடக்கிறது, உள்ளிழுப்பு மட்டும் தடைபடுகிறது. உள்ளே வரும் வழிக்குப் புரோட்டான் தேவை என்பதற்கான வலுவான சான்றாக இதைப் பார்க்கிறார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதத்தை மலேரியா ஒட்டுண்ணி, தான் குளுக்கோஸை எரித்து உண்டாக்கும் லாக்டேட்டை வெளியேற்றப் பயன்படுத்துகிறது. அந்தக் கதவை அடைத்தால் ஒட்டுண்ணி சாகும் என்பதால், மருந்து தேடுபவர்களும் இந்தக் குடும்பத்தின் மேல் கண் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே வர மட்டும் ஏன் புரோட்டான் தேவைப்படுகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடத்துப் புரதத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். உயிருள்ள பாக்டீரியாவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட 100 மில்லிவோல்ட்டுக்கும் மேல் எதிர்மின்னழுத்தம் கொண்டது. ஒவ்வோர் 59 மில்லிவோல்ட்டும் ஓர் எதிர் அயனியின் சமநிலைச் செறிவில் பத்து மடங்கு வேறுபாட்டை உண்டாக்கும். அழுத்தம் 120 மில்லிவோல்ட் என்றால், அயனியை மட்டும் விடும் ஒரு திறந்த துளை உள்ளே இருப்பதைப்போல நூறு மடங்குக்கு மேல் வெளியே இருக்கும்படி ஃபார்மேட்டைத் துரத்திவிடும். ஆகவே அயனியை மட்டும் கடத்தும் துளையைக் கூடுதலாக வைத்தால், உணவு உள்ளே வரும் என்று நினைத்துச் செய்த வேலை, உள்ளே இருப்பதையும் வெளியே விடுவதாக முடியலாம். அயனியோடு ஒரு புரோட்டானும் சேர்ந்து வந்தால் நிகர மின்சுமை பூஜ்யமாகிறது, மின்னழுத்தத்தின் தள்ளுதல் இல்லாமல் போகிறது, பிஎச் வேறுபாட்டின் இழுப்பு மட்டும் மிஞ்சுகிறது. ஒரே புரதம் ஒரு நேரத்தில் வெளிவாசலாகவும் மறு நேரத்தில் உள்வாசலாகவும் இருக்க முடிவது இதனால்தான்.

உடன் வரும் அந்தப் புரோட்டான் செலவா, வரவா என்றும் கேட்கலாம். ஃபார்மேட் முழுவதும் ஆக்சிஜனோடு எரிந்து முடிந்தால், அந்தப் புரோட்டான் நீரில் சேர்ந்துவிடுகிறது. நிகரச் சுமை இல்லை. எரியும் வேகத்தைவிட நுழையும் வேகம் கூடினால்தான் உட்புறம் அமிலமாகும். இதன் மறுபக்கம் கலனில் கண்ணுக்குத் தெரியும். சோடியம் ஃபார்மேட்டை உணவாகக் கொடுத்தால், செல்கள் ஃபார்மேட்டைப் புரோட்டானோடு சேர்த்து உண்டுவிட, சோடியம் மட்டும் கரைசலில் மிஞ்சி, பிஎச் மெல்ல ஏறிக்கொண்டே போகும். அதனால் அனுபவமுள்ளவர்கள் உப்பைக் கொடுப்பதில்லை. பிஎச் மானியோடு இணைத்த பம்பில் ஃபார்மிக் அமிலத்தையே வைக்கிறார்கள். செல்கள் உண்ணும்போது பிஎச் ஏறும், ஏறியதும் பம்ப் சில துளி அமிலத்தை விடும், அதுவே அடுத்த கவளம். பசி குறைந்தால் பம்பும் தானாக ஓய்கிறது. குப்ரியாவிடஸ் நெகேட்டர் என்ற பாக்டீரியாவை ஃபார்மேட்டில் வளர்ப்பவர்களுக்கு இது பழகிய முறை. நுண்ணுயிரியின் பசியை இவ்வளவு எளிமையாகக் கலனின் கட்டுப்பாட்டோடு பிணைக்கும் ஏற்பாடு சர்க்கரைக்குக் கிடையாது என்பதால், ஃபார்மேட்டின் குறைகளைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

ஃபார்மேட்டை உண்ணாத ஈ. கோலையையே ஃபார்மேட்டில் வாழ வைத்த முயற்சிகள் 2019லும் 2020லும் வெளிவந்தன. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரான் மிலோவின் குழு, ஃபார்மேட்டை எரித்து ஆற்றல் எடுத்து, கார்பன் டையாக்சைடிலிருந்து உடலைக் கட்டும் ஈ. கோலையை உருவாக்கியது. ஜெர்மனியின் கோல்மில் ஆரன் பார்-ஈவனின் குழு, வேறொரு வளர்சிதை வழியில் ஃபார்மேட்டையே உடலின் கார்பனாகவும் மாற்றியது. முதலில் மிக மெதுவாகவே வளர்ந்த அந்தச் செல்களை ஆய்வகப் பரிணாமத் தேர்வுக்கு உட்படுத்திய பின்தான் இரட்டிப்பு நேரம் எட்டு மணி நேரத்துக்கு இறங்கியது. இந்த வேலைகளில் மிகுந்த கவனம் நொதிகளின் மேல்தான் இருந்தது, அது சரியும்கூட. நொதி வழி மெதுவாக ஓடும்போது கதவை அகலமாக்குவது, சமையல் ஆகாத வீட்டில் பந்திக்கு இலை போடுவது போன்றது. அந்த வழி வேகமெடுக்கும்போது, மேலே போட்ட 20 லட்சம் என்ற எண் 60 லட்சம், 80 லட்சம் என்று உயரும். அப்போதுதான் சவ்வு தன் கணக்கைக் கேட்கும்.

அசிட்டேட்டில் நிலைமை வேறு. ஈ. கோலைக்குக் குளுக்கோஸ் தாராளமாகக் கிடைக்கும்போது, தன்னால் எரிக்க முடிந்ததைவிட அதிகமாக விழுங்கி, மிச்சத்தை அசிட்டேட்டாக வெளியே கொட்டுகிறது. குளுக்கோஸ் தீர்ந்ததும் கொட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இதற்கு அதனிடம் இரண்டு கடத்துப் புரதங்கள் உண்டு. ஆக்ட்-பி என்பது மைக்ரோமோலார் அளவில் எஞ்சியிருக்கும் அசிட்டேட்டையும் நேர் அயனியோடு சேர்த்து உறிஞ்சக்கூடியது. சாட்-பி மில்லிமோலார் அளவில் வேலை செய்கிறது, சக்சினேட்டையும் ஏற்கிறது, ஆறு அலகுகளாகச் சேர்கிறது. நொதிகளிலும் இதே இரட்டை ஏற்பாடு இருக்கிறது: செறிவு அதிகமானால் மலிவான வழி, குறைந்தால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியை ஏஎம்பி வரை உடைத்துச் செலவழிக்கும் விலையுயர்ந்த வழி. மின்வேதி முறையில் செய்த அசிட்டேட்டை உணவாகக் கொடுக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அசிட்டிக் அமிலம் நடுநிலை பிஎச்சிலேயே போதுமான அளவு தானாக நுழைந்துவிடும் என்பதை. பத்து மில்லிமோலார் அசிட்டேட்டில் மின்சுமையற்ற பங்கு 57 மைக்ரோமோலார்; ஃபார்மேட்டுக்கு அந்த அளவு கிடைக்க 100 மில்லிமோலார் வேண்டியிருந்தது. ஆகவே அசிட்டேட்டுக்குக் கதவைக் கூட்டுவது கடைசித் துளியை உறிஞ்சும் கட்டத்தில்தான் பலன் தரும்.

ஈஸ்டில் சிக்கல் தலைகீழாக இருக்கிறது. அங்கே கதவைத் திறப்பதைவிட மூடுவதே பெரிய வேலை. ரொட்டி ஈஸ்ட் அமிலமான சூழலில் வாழ்வது. அதன் சவ்வில் கிளிசராலைக் கடத்த இருக்கும் எஃப்பிஎஸ்-1 என்ற துளை வழியாக மின்சுமையற்ற அசிட்டிக் அமிலமும் புகுந்துவிடுகிறது. அமிலம் தாக்கும்போது ஈஸ்ட் அந்தத் துளையில் பாஸ்பேட் குறியிட்டு, சவ்விலிருந்து பிடுங்கி, உள்ளே இழுத்து அழித்துவிடுகிறது. வாசலை அடைப்பதுகூட இல்லை, நிலைப்படியையே பெயர்த்தெடுத்துவிடுகிறது. விவசாயக் கழிவுகளை அமிலத்தாலும் வெப்பத்தாலும் உடைத்து எத்தனால் எடுக்கும்போது கரைசலில் அசிட்டிக் அமிலம் தவிர்க்க முடியாதது என்பதால், இந்தச் சிறு நிகழ்வு தொழில்துறைக்கு மிக முக்கியம். பசியோடு இருக்கும் ஈஸ்டோ அசிட்டேட்டை ஏற்க ஏடிஒய்-2, லாக்டேட்டை ஏற்க ஜென்-1 என்று தனிக் கதவுகளை வைத்திருக்கிறது; குளுக்கோஸ் கிடைத்த நிமிடமே அவற்றை அகற்றிவிடும். சர்க்கரையையும் கரிம அமிலத்தையும் கலந்து கொடுத்து இரண்டையும் ஒரே நேரத்தில் உண்ண வைக்க நினைத்தவர்கள் முதலில் மோதிக்கொண்ட சுவர் இது.

மெத்தனாலுக்கு மின்சுமை கிடையாது, அமில உருவம் கார உருவம் என்ற வேறுபாடும் கிடையாது. அது சவ்வைத் தாண்டிப் போகும், வரும். மெத்தனாலில் ஓடும் செயற்கை ஈ. கோலைக்கு மெத்தனால் கடத்தி வேண்டும் என்று யாராவது எழுதினால், அதை ஐயத்தோடுதான் படிப்பேன். அங்கே தடை முதல் நொதியிலும், அது உண்டாக்கும் ஃபார்மால்டிஹைடிலும் இருக்கிறது. ஃபார்மால்டிஹைடு டிஎன்ஏவையும் புரதங்களையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். இயற்கையில் மெத்தனாலை உண்ணும் மெத்திலோபாக்டீரியங்கள் அந்த முதல் வினையை உட்சவ்வுக்கு வெளியே, இரு சவ்வுகளுக்கு இடையிலான பகுதியில் நடத்துகின்றன. மெத்தனால் ஈஸ்டுகள் பெராக்சிசோம் என்ற தனி அறைக்குள் நடத்துகின்றன. எதை எங்கே வைத்து உடைப்பது என்பதும் கடத்தலின் ஒரு பகுதிதான்.

ஆனால் மெத்தனால் உண்பவற்றின் கதையில் எதிர்பாராத ஒரு கடத்தல் உண்டு. அவற்றின் ஒருவகை மெத்தனால் நொதிக்கு லாந்தனம், சீரியம் போன்ற அருமண் உலோகங்கள் தேவை என்று கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் தெரியவந்தது. இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே எரிமலைச் சேற்றுக் குட்டையில் எடுத்த ஒரு பாக்டீரியா, ஆய்வகத்தில் அந்தக் குட்டையின் நீரைச் சேர்த்தால் ஒழிய வளர மறுத்தது. நீரில் இருந்த அருமண் உலோகங்களே காரணம் என்று 2014ல் வெளியானது. நீரில் எளிதில் கரையாத இந்த உலோகங்களைப் பிடித்து உள்ளே கொண்டுவர, இரும்பை எடுப்பது போன்ற ஏற்பாடுகளை அவை வைத்திருக்கின்றன. இவற்றை இறுகப் பற்றும் லான்மாடுலின் என்ற சிறு புரதம் 2018ல் விவரிக்கப்பட்டது, இப்போது அருமண் உலோகங்களைப் பிரித்தெடுக்கவே அதைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். மெத்தனாலுக்குக் கதவு வேண்டாம், ஆனால் அதை உடைக்கும் நொதிக்கு வேண்டிய உலோகத்துக்குக் கதவு வேண்டியிருக்கிறது.

பைகார்பனேட்டுக்கு வந்தால் கதவின் தேவை ஐயத்துக்கு இடமில்லாதது. கார்பன் டையாக்சைடு வாயு சவ்வைத் தாராளமாகக் கடக்கும், ஆகவே அதை உள்ளே சேர்த்து வைக்க முடியாது, சேர்த்தது கசிந்துவிடும். பைகார்பனேட் கடக்காது, ஆகவே அதைச் சேர்த்து வைக்கலாம். ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாக்கள் இந்த வேறுபாட்டையே முதலாக வைத்துத் தொழில் நடத்துகின்றன. அவற்றின் கடத்துப் புரதங்களில் பிசிடி-1 ஏடிபியைச் செலவழித்துப் பைகார்பனேட்டை இழுக்கிறது. எஸ்பிடி-ஏ சோடியத்தின் துணையால், குறைந்த செறிவிலும் இறுகப் பற்றி இழுக்கிறது. பிக்-ஏ பிடிப்பு தளர்ந்தது, ஆனால் அதிக அளவில் கடத்துவது. இவற்றோடு உள்ளே வரும் கார்பன் டையாக்சைடைப் பைகார்பனேட்டாக மாற்றும் ஏற்பாடும் சேர்ந்து, வெளியே இருப்பதைப்போல ஆயிரம் மடங்கு வரை செல்லுக்குள் சேர்க்க முடிகிறது. பிறகு கார்பாக்சிசோம் என்ற புரதக் கூட்டுக்குள் மட்டும் அது மீண்டும் கார்பன் டையாக்சைடாக மாற்றப்பட்டு, அதைப் பிடித்து உடலின் கார்பனாக்கும் ருபிஸ்கோ நொதியின் வாயில் ஊட்டப்படுகிறது.

இந்த ஏற்பாடு எவ்வளவு நுட்பமானது என்பதை டீன் பிரைஸ், மர்ரே பேட்ஜர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1989ல் ஒரே சோதனையில் காட்டினார்கள். பைகார்பனேட்டைக் கார்பன் டையாக்சைடாக மாற்றும் மனித நொதி ஒன்றைச் சயனோபாக்டீரியாவின் செல்திரவத்தில் உண்டாக்கினார்கள். கடத்துப் புரதங்கள் எல்லாம் இருந்தன, கார்பாக்சிசோமும் இருந்தது. ஆனாலும் கூடுதல் கார்பன் டையாக்சைடு ஊட்டினால்தான் அந்த செல் வளர்ந்தது. சேர்த்த பைகார்பனேட் எல்லாம் நடுவழியில் வாயுவாகிச் சவ்வு வழியே கசிந்துவிட்டது. கடத்துப் புரதங்களை மட்டும் வேறோர் உயிரியில் நட்டுப் பெரிய பலனை எதிர்பார்ப்பவர்கள் இந்தச் சோதனையை மறக்கக் கூடாது. 2020ல் ஒரு குழு ஈ. கோலைக்குள் இந்த முழு ஏற்பாட்டையும் கொண்டுவந்தபோது, ஹாலோதயோபாசிலஸ் நியாபொலிட்டானஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து 20 மரபணுக்களை ஒன்றாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

வாயுக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன் ஆகியவை சவ்வைத் தடையின்றிக் கடக்கும்; ஆனால் நீரில் கரைய மறுக்கும். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் தூய கார்பன் மோனாக்சைடோடு நீரைக் குலுக்கினாலும் கரைவது ஒரு மில்லிமோலாரை ஒட்டித்தான். உருக்காலைப் புகையிலிருந்து எத்தனால் எடுக்கும் லான்சாடெக் நிறுவனத்தின் முதல் வணிக ஆலை 2018ல் சீனாவில் ஓடத் தொடங்கியது. அப்படிப்பட்ட கலன்களில் பொறியாளர்களின் உழைப்பெல்லாம் குமிழியைச் சிறிதாக்குவதிலும் அதை நீண்ட நேரம் நீரில் தங்கவைப்பதிலுமே செலவாகிறது. இங்கே கதவு என்பது குமிழியின் விளிம்பு.

உள்ளே வருவதையே இதுவரை பேசினோம். வெளியே போவதும் அதே அளவு முக்கியம், அதைக் காட்டும் பழைய கதை உணவுக்குச் சுவையூட்டும் குளுட்டமேட்டுடையது. 1950களில் ஜப்பானில் கண்டெடுத்த கோரினிபாக்டீரியம் குளுட்டமிகம், பயோட்டின் என்ற வைட்டமின் குறைந்தால் குளுட்டமேட்டைக் கொட்டித் தீர்க்கும் என்று அறிந்து, அதை வைத்து ஒரு பெருந்தொழிலே எழுந்தது. அது எந்த வழியாக வெளியேறுகிறது என்பது 2007ல்தான் தெளிவாகியது: சவ்வு இழுபடும்போது திறக்கும் ஒரு துளை. அரை நூற்றாண்டு காலம் கதவு இன்னதென்று அறியாமலே தொழில் நடந்திருக்கிறது. இதற்கு மாறாக, லைசின் என்ற அமினோ அமிலத்தை வெளியேற்றும் லிஸ்-ஈ புரதம் 1996ல் கண்டறியப்பட்ட பின், வெளியேற்றத்தைத் திட்டமிட்டுக் கூட்டும் வழி திறந்தது. எளிய கார்பன் சேர்மங்களை உண்ணும் செல்களிலும் விளைபொருள் பெரும்பாலும் ஓர் அமிலம்தான் என்பதால், உணவுக்காகத் திறந்த அதே கதவில் விளைபொருள் தொற்றிக்கொண்டு வெளியேறவோ, வெளியே சேர்ந்த விளைபொருள் உணவோடு போட்டியிட்டு உள்ளே திரும்பவோ வாய்ப்பு உண்டு. சக்சினேட்டையும் ஏற்கும் சாட்-பியை நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக, நடைமுறை. சவ்வில் இடம் குறைவு. எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியும் ஏடிபியை உண்டாக்கும் நொதியும் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் புதிய புரதத்தை வெள்ளமாகத் திணித்தால், சவ்வில் புரதம் செருகும் இயந்திரமே திணறும்; வளர்ச்சி குறையும், பழியோ உணவின் மேல் போகும். ஆகவே கடத்தியைச் சேர்க்கும் முன், கடத்தல்தான் தடையா என்று பார்ப்பது நல்லது. ஃபார்மேட்டுக்கு அதைப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பிஎச் 7ல் 10 மில்லிமோலார் ஃபார்மேட்டும், பிஎச் 7.5ல் 32 மில்லிமோலார் ஃபார்மேட்டும் ஒரே அளவு மின்சுமையற்ற அமிலத்தைத் தருகின்றன. இரண்டு குடுவைகளிலும் வளர்ச்சி வேகம் ஒன்றாக இருந்தால், செல்கள் தாமாக நுழையும் அமிலத்தை நம்பியே வாழ்கின்றன, அங்கே ஒரு கதவு பலன் தரக்கூடும். 32 மில்லிமோலார் குடுவை தெளிவாக முந்தினால், அயனியை ஏற்கும் ஏதோ ஒரு கதவு ஏற்கெனவே வேலை செய்கிறது என்று கொள்ளலாம். செறிவை எவ்வளவு கூட்டினாலும் வேகம் அசையவில்லை என்றால், தடை உள்ளே, நொதிகளில் இருக்கிறது. பிஎச் மாற்றமே வளர்ச்சியைப் பாதிக்கிறதா என்பதை அறிய, குளுக்கோஸ் மட்டும் கொடுத்த இரண்டு குடுவைகளை அதே இரு பிஎச்களில் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.